குருதி வடிய வந்தவளுக்குக் குற்றப்பத்திரமா?

1990 ஆம் ஆண்டு ஜூன் மாதம் மயிலிட்டி மக்கள் உடுத்த உடையோடு ஊரைவிட்டு வெளியேறினர். 2017 ஆம் ஆண்டு ஜூலை 3 ஆம் திகதி துறைமுகமும் அதனை அண்டிய சிறு நிலப்பரப்பும் மீண்டும் அவர்தம் கைக்கு வந்தன. இடையே கழிந்தவை இருபத்தேழு ஆண்டுகள். அந்த இருபத்தேழு ஆண்டுகளில் அழிந்துபோன எல்லைகளையும் தொலைந்துபோன உறுதிகளையும் பற்றிப் பேசுவதற்காக அவ்வூருக்குப் போய்வருவது என் வழக்கம். அப்படிப் போன ஒரு மாலை, கூட்டம் முடிந்து இளைஞர்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், உறுதியின் பிரதியொன்றைக் கையிற் சுருட்டி வைத்திருந்த ஒரு பெண்மணி கடைசி ஆளாக வந்து நின்றார். காணி விடயம் பேசி முடிந்தது. அவர் போகவில்லை.

“ஐயா, சட்டம் தெரிஞ்ச ஆளிட்ட இன்னுமொண்டு கேக்கவேணும். வயித்தில தங்கினது கலைஞ்சு, இரத்தம் போகுதெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, பொலிசுக்கு அறிவிப்பினமோ?”

“ஆருக்குத் தங்கச்சி?”

“என்ர மச்சாளுக்கு.”

மச்சாள் யாரென்று நான் கேட்கவில்லை. தானாகக் கலைந்ததோ, கலைக்கப்பட்டதோ என்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னவை இவை. மச்சாளுக்கு மூன்று பிள்ளைகள். முந்திய முறை கரு கலைந்து குருதி நில்லாமற் போனபோது ஓர் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். அங்கே உயிரைக் காப்பாற்றினர், அதற்கு நன்றி. ஆனால் விடுதியிலிருந்த மற்றப் பெண்கள் கேட்கும்படி, “என்ன செய்துபோட்டு வந்தனி? பொலிசுக்குச் சொல்லட்டோ?” என்றும் கேட்டனர். மூன்றாம் நாள் துண்டு வெட்டி அனுப்பினர். இனி எப்போது கரு தங்கக்கூடும், வேண்டாமெனில் என்ன வழி, வேண்டுமெனில் எவ்வளவு காலம் பொறுப்பது நல்லது என்று ஒரு சொல் சொன்னவர் எவருமில்லை. மூன்று மாதம் கழியுமுன் மீண்டும் வயிற்றில் தங்கியது. இப்போது இரண்டு நாளாக மீண்டும் இரத்தம் போகிறது. ஆனால் மச்சாள் வைத்தியசாலைக்கு வரமாட்டேன் என்கிறார். பொலிஸ் பயம்!

உடனே ஒரு முச்சக்கர வண்டி பிடித்து அனுப்பினோம். அந்த இரவு வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே எண்ணம் என்னை அரித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் படித்து, சட்டம் பேசி, மேடைதோறும் உரிமை முழங்கும் நாங்கள், இந்த ஒரு கேள்விக்கான விடையை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு என்றாவது சொல்லிவைத்தோமா?

சொல்லவில்லை. ஆகவே இன்று எழுதுகிறேன்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டுக்குரியது. அதன் 303 ஆம் பிரிவு, கருவுற்ற பெண்ணொருத்தியின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்தோடு நல்லெண்ணத்திற் செய்தாலன்றி, வேண்டுமென்றே கருவைக் கலைப்பவருக்கு மூன்று ஆண்டு வரையான சிறையோ, தண்டப் பணமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. வயிற்றுப் பிள்ளையின் அசைவு உணரப்பட்டபின் கலைத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுக்குட்பட்டவளே. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து வெள்ளைக்காரன் வார்த்த அச்சு இது. அந்த வெள்ளைக்காரன் தன் சொந்த நாட்டில் 1967 ஆம் ஆண்டிலேயே சட்டத்தைத் தளர்த்திவிட்டான். இந்தியா 1971 இற் புதுச்சட்டம் இயற்றியது. அதே பழைய தண்டனைச் சட்டத்தை இன்றும் கையில் வைத்திருக்கும் வங்காளதேசங்கூட, 1979 முதல் மாதவிலக்கைச் சீராக்கும் சிகிச்சை என்ற பெயரில், கருத்தரித்த ஆரம்ப வாரங்களில் அரசாங்க நிலையங்களிலேயே பெண்களுக்கு உதவுகிறது. எசமான் கழற்றி எறிந்த விலங்கை நாம் மட்டும் ஆபரணமாகப் பூண்டு நிற்கிறோம்!

திருத்த முயற்சிகள் நடவாமலில்லை. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, பாலியல் வல்லுறவு, தகாப்புணர்ச்சி, கருவின் கடும் ஊனம் ஆகிய நிலைகளில் விலக்களிக்கும் வாசகம் பாராளுமன்றத்துக்கு வந்து, எதிர்ப்பைக் கண்டு மீளப் பெறப்பட்டது. 2017 இல் அமைச்சரவை வரை வந்த யோசனையும் மதத் தலைவர்களின் எதிர்ப்போடு உறங்கிப்போயிற்று. அந்த வழக்கை இன்னொரு நாள் விரிவாக வாதாடுவேன். 303 ஆம் பிரிவு நல்லதென்று நினைப்பவரும் கெட்டதென்று நினைப்பவரும் ஒருசேர ஒப்புக்கொள்ள வேண்டிய விடயம் ஒன்று உண்டு. இன்றைய வழக்கு அது பற்றியதே.

303 ஆம் பிரிவு தண்டிப்பது கருவைக் கலைப்பதை. கலைந்த பின் உயிருக்குப் போராடி வரும் பெண்ணுக்குச் சிகிச்சை அளிப்பதை அது தண்டிக்கவில்லை. கருப்பையில் எஞ்சியதை அகற்றுவதும், குருதி ஏற்றுவதும், கிருமித்தொற்றுக்கு மருந்து கொடுப்பதும் எந்தச் சட்டத்திலும் குற்றமல்ல. அடுத்த கரு எப்போது, எப்படி என்பது பற்றி அவளுக்கு ஆலோசனை கூறுவதும், அவள் விரும்பினாற் கருத்தடைச் சாதனம் வழங்குவதும் எந்தச் சட்டத்திலும் குற்றமல்ல. 1965 முதல் குடும்பத் திட்டத்தை அரசாங்கமே தன் கொள்கையாக ஏற்று நடத்தும் நாடு இது!

பொலிஸ் பற்றிய கேள்விக்கு வருவோம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, பொதுமகன் எவரும் அறிந்தவுடன் அதிகாரிகளுக்கு அறிவித்தே ஆகவேண்டிய குற்றங்களைப் பிரிவு இலக்கங்களோடு வரிசைப்படுத்துகிறது. கொலை அதில் உண்டு. கொள்ளை அதில் உண்டு. 303 ஆம் பிரிவு அதில் இல்லை. இயற்கைக்கு மாறான மரணமோ திடீர் மரணமோ நேர்ந்தால் அறிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. அதாவது, அந்தப் பெண் இறந்தபின் அறிவிக்கும்படி சட்டம் கேட்கிறது. அவள் உயிரோடு கட்டிலிற் கிடக்கும்போது காட்டிக்கொடுக்கும்படி கேட்கவில்லை. அப்படியிருக்க, “பொலிசுக்குச் சொல்லட்டோ?” என்று விடுதியில் உறுமுபவர் எந்தச் சட்டத்தின் பெயரால் உறுமுகிறார்? சட்டம் சுமத்தாத கடமையைத் தம் தலையில் தாமே சுமந்து, அதனை ஓர் ஏழைப் பெண்ணின் தலையில் இறக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்தவர் யார்?

இந்தப் பயம் கொல்லும் பயம். இலங்கையிற் கருக்கலைவு நாளொன்றுக்கு 658 என்ற மதிப்பீடு இருபது ஆண்டுகளுக்கு மேலாக எடுத்தாளப்பட்டு வருகிறது. அது மதிப்பீடே, சட்டத்துக்கு அஞ்சி மறைக்கப்படுவதை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க யாரால் முடியும்? எனினும் அந்த ஆய்வுகள் காட்டிய ஓர் உண்மை எம்மவரின் கண்ணைத் திறக்க வேண்டும். கருக்கலைப்பை நாடியவர்களுட் பெரும்பாலோர் மணமாகிப் பிள்ளை பெற்ற குடும்பப் பெண்கள். நாம் கற்பனை செய்து தூற்றும் “கெட்டுப்போன குமர்ப்பிள்ளைகள்” அல்லர். பிள்ளைப்பேற்றில் தாய் இறப்பதைத் தடுப்பதில் உலகம் மெச்சும் நாடு இலங்கை. 2010 களில் இலட்சம் பிறப்புக்கு முப்பதுகளின் அளவில் நின்றது அவ்விறப்பு. அப்படிப்பட்ட நாட்டிலும் பாதுகாப்பற்ற கருக்கலைப்பும் அதனால் வரும் கிருமித்தொற்றும் தாய் மரணங்களின் முக்கிய காரணங்களுள் ஒன்றாகத் தொடர்ந்து இடம்பெற்று வந்துள்ளன. குருதி போகத் தொடங்கிய முதலாம் நாள் வந்தாற் பிழைக்கக்கூடியவள், பயந்து பதுங்கி ஐந்தாம் நாள் நடுக்கக் காய்ச்சலோடு வந்தால், எந்த வைத்தியர் என்ன செய்வார்?

இரண்டு வாரம் என்ற கணக்கு

இனி, துண்டு வெட்டும் நேரத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

கமக்காரருக்கு விளங்காத கணக்கல்ல இது. பிள்ளை பெற்றுப் பாலூட்டும் தாய்க்கு மறுபடி கரு தங்கச் சில மாதம் செல்வதுண்டு என்பதை எங்கள் ஆச்சிமாரும் அறிவர். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, கரு கலைந்தவளுக்கும் அப்படியே என்று பலர் எண்ணுகின்றனர். இது பெருந்தவறு. முதல் மூன்று மாதத்துக்குட் கரு கலைந்த பெண்ணின் சூலகத்திலிருந்து அடுத்த முட்டை இரண்டு வாரத்துக்குள்ளேயே வெளிப்படக்கூடும். அடுத்த மாதவிலக்கைக் காண்பதற்கு முன்னரே அவள் மறுபடி கருவுறக்கூடும். “ஒரு மாதம் கழித்துக் கிளினிக்குக்கு வா” என்று சொல்லி அனுப்புவது, வெள்ளம் புகுந்தபின் வரம்பு கட்ட வா என்று அழைப்பதற்கு ஒப்பாகும்.

வைத்திய உலகம் இதனை நெடுங்காலமாக அறியும். ஆகவேதான் கருக்கலைவுக்குப் பிந்திய பராமரிப்பு என்பது கருப்பையைச் சுத்தஞ்செய்வதோடு முடிவதில்லை என்று 1990 களின் ஆரம்பத்திலேயே அத்துறையினர் வகுத்தனர். சிக்கலுக்குச் சிகிச்சை, மனத்துக்கு ஆறுதல், கருத்தடை பற்றிய ஆலோசனை, விரும்பினால் அதே இடத்தில் அதே நாளிற் சாதனம்: இவை யாவும் ஒரே பராமரிப்பின் உறுப்புகள். 1994 இல் கெய்ரோ நகரிற் கூடிய ஐக்கிய நாடுகளின் குடித்தொகை மாநாடும் இதனை ஏற்றது. கருக்கலைப்பு நாட்டுக்கு நாடு சட்டமாக இருக்கலாம், சட்டவிரோதமாக இருக்கலாம். எந்நிலையிலும் அதன் சிக்கல்களுக்குத் தரமான சிகிச்சை கிடைக்க வேண்டும், பின்னர் ஆலோசனையும் குடும்பத் திட்டச் சேவையும் தாமதமின்றி வழங்கப்பட வேண்டும், அதுவே மறுபடி கருக்கலைப்பு நேராமற் தடுக்கும் வழியுமாகும் என்று அம்மாநாட்டின் செயற்றிட்டம் கூறிற்று. இலங்கையும் பங்குபற்றிய மாநாடு அது. எங்கள் சுகாதார அமைச்சின் குடும்ப சுகாதாரப் பணியகமும் இப்பராமரிப்புக்கெனத் தேசிய வழிகாட்டி நெறிகளை வகுத்து வெளியிட்டுள்ளது. ஆகவே கொள்கை இருக்கிறது. கடதாசி இருக்கிறது. கட்டிலருகே வந்து சொல்லும் வாய்தான் இல்லை!

சொல்ல வேண்டியது மலைபோன்றதா? இல்லை. மாத்திரை, மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஊசி, கையின் தோலுக்கடியில் வைக்கும் குச்சி ஆகியவற்றைச் சிகிச்சை நடந்த அன்றே தொடங்கலாம். கருப்பையிற் கிருமித்தொற்று இல்லையெனில், சுத்தஞ்செய்த கையோடு லூப்பும் வைக்கலாம். தொற்று இருந்தால் அது முற்றாக மாறும்வரை லூப் கூடாது. கணவனின் பொறுப்பில் விடுவதானால் ஆணுறை உண்டு. இவற்றை விளங்கச் சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? கால் மணி அல்லது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்த வைத்தியசாலை, மூன்று மாதம் கழித்து அதே பெண்ணுக்கு மறுபடி கட்டிலும் குருதியும் சத்திரசிகிச்சைக் கூடமும் கொடுக்கிறது. இது சிக்கனமா?

பிள்ளை வேண்டுமென்று ஏங்கியிருந்து கருவை இழந்தவளும் அந்த விடுதியிற் கிடக்கிறாள். அவளுக்கு ஆலோசனை இன்னும் அவசியம். அடுத்த கருவுக்குமுன் குறைந்தது ஆறு மாதம் பொறுப்பது நன்று என உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2005 இற் கூறினர். தானாகக் கரு கலைந்தவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை என்று பின்வந்த ஆய்வுகள் சில காட்டுகின்றன. அவளுடைய குருதிச் சோகை எப்படி, வயது எப்படி, முன்னர் எத்தனை முறை கலைந்தது என்று பார்த்து, அவளுக்குரிய விடையை வைத்தியர் சொல்ல வேண்டும். ஆலோசனை என்பது பிள்ளை பெறாதே என்ற கட்டளை அன்று. பெறுவதானால் எப்போது, எப்படிப் பாதுகாப்பாகப் பெறுவது என்பதும் அதனுள் அடங்கும்.

“எங்கள் தாதியருக்கு நேரமில்லை” என்பர். ஆளணி குறைவு என்பதை நானும் அறிவேன். தாதியரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வருத்தம் பார்ப்பவரும் குடும்பத் திட்டம் பார்ப்பவரும் வேறு வேறு பிரிவு, வேறு வேறு கட்டிடம், வேறு வேறு பதிவேடு என்று ஆக்கிவைத்த நிருவாகத்தையே குறை கூறுகிறேன். கிராமத்திற் குடும்பநல மருத்துவ மாது இருக்கிறாரே என்பர். இருக்கிறார். வெயிலிலும் மழையிலும் துவிச்சக்கர வண்டியில் வீடு வீடாகப் போய் இந்நாட்டுத் தாய்மாரைக் காத்த பெருமை அவர்களுடையது. ஆனால் அவருடைய பதிவேடு குடும்பத்தைக் கொண்டு எழுதப்படுவது. அதன் கண்ணில் முதலிற் படுவோர் மணமான தம்பதியர். போரிற் கணவனை இழந்தவள், கணவன் விட்டுப்போனவள், மணமாகாதவள் ஆகியோர் எங்கே போய்க் கேட்பர்? ஊருக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மருத்துவ மாதின் வண்டி எந்தப் படலையில் நின்றது என்பதும் தெரியும். அப்படிப்பட்ட பெண் அச்சமின்றி வாய்திறந்து கேட்கக்கூடிய ஒரே இடம் வைத்தியசாலைக் கட்டில். அந்த ஒரே வாய்ப்பையும் துண்டு வெட்டி அனுப்பிவிடுகிறோம்!

“இனத்தைக் குறைக்கும் சதி!”

இதோ என் சொந்த முகாமிலிருந்தே கண்டனம் எழும் என்பதை அறிவேன். “ஏற்கெனவே தமிழினம் தேய்ந்து போகிறது; நீர் கருத்தடை பேசுகிறீரா?” என்று கேட்பர். கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010 இல் 9 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 2015 இல் அது 7 ஆயிற்று. 2024 இல் 6 ஆயிற்று. இந்தத் தேய்வைக் கண்டு என் நெஞ்சும் எரிகிறது. ஆனால் நண்பர்களே, நெஞ்சிற் கைவைத்துச் சொல்லுங்கள். இந்த மூன்று ஆசனங்களையும் தின்றது லூப்பா? குண்டு தின்றது. முள்ளிவாய்க்கால் தின்றது. கனடாவும் இலண்டனும் பாரிசும் தின்றன. காணியைப் பறித்து இருபத்தேழு ஆண்டு முகாம்களில் அடைத்து வைத்த அரசு தின்றது. அவற்றைக் கேட்க வேண்டிய இடத்திற் கேட்க வலுவற்ற நாங்கள், இழந்த ஆசனங்களைக் குருதிச்சோகை பிடித்த மூன்று பிள்ளைத் தாயொருத்தியின் வயிற்றிலிருந்து மீட்கப் போகிறோமா? அவள் நாலாவது கருவோடு இறந்தால் இனத்துக்கு இலாபம் ஒன்றா, நட்டம் ஒன்றா? தாயற்றுப்போகும் மூன்று பிள்ளைகளை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

ஆனால் அவர்களின் ஐயத்தில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. 2013 ஆகஸ்ட் இறுதியிற் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில், பிள்ளைகளின் போசாக்குப் பரிசோதனைக்கென அழைக்கப்பட்ட தாய்மாருக்கு, தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி வற்புறுத்திப் பொருத்தப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கேட்டவர் எவரும் இலகுவில் மறக்கக்கூடிய செய்தியல்ல அது. போர் முடிந்து நாலு ஆண்டு, சுற்றிலும் இராணுவம், அரச உத்தியோகத்தர் சொன்னால் மறுக்கப் பழகாத ஏழைகள். அங்கே பெண் தலையாட்டினாலும் அது சம்மதம் ஆகுமா? கடல் கடந்து பார்த்தாலும் இதே பாடம். இந்தியாவில் 1975 முதல் 1977 வரை நிலவிய அவசரகால நிலையிற் கட்டாயக் கருத்தடை ஏழைகள்மீது அவிழ்த்துவிடப்பட்டது. 2014 நவம்பரிற் சத்தீஸ்கார் மாநிலத்தின் பிலாஸ்பூர்ப் பகுதியில், ஆடுமாடுகளைப்போல் வரிசையிற் கிடத்தி அறுவை செய்யப்பட்ட பெண்களுட் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலக்கம் வைத்து, தொகை குறித்து, பெண்ணின் உடலைக் கணக்குப் புத்தகமாக்கும் எந்தத் திட்டத்தையும் நான் முதல் ஆளாக நின்று எதிர்ப்பேன்.

இதிலிருந்து பெறும் முடிவு யாது? ஆலோசனையே வேண்டாம் என்பதா? கள்ள உறுதி எழுதினான் ஒருவன் என்பதற்காக உறுதி எழுதுவதையே நிறுத்திவிடுகிறோமா? உறுதியைச் சாட்சிகள் முன்னிலையில் வாசித்து விளக்கிக் கையொப்பம் வாங்கச் சொல்கிறோம். அதைப்போலவே இதுவும். வற்புறுத்தல் குற்றம், மௌனமும் குற்றம். வேரவிலில் நடந்ததாகச் சொல்லப்படுவதில் பெண்ணுக்கு விளக்கம் இல்லை, விருப்பம் இல்லை. துண்டு வெட்டி அனுப்பிய வைத்தியசாலையிலும் பெண்ணுக்கு விளக்கம் இல்லை, விருப்பம் கேட்கப்படவும் இல்லை. இரண்டிலும் அவளுக்குப் பதிலாக வேறெவரோ தீர்மானித்தனர். இரண்டையும் எதிர்ப்பதே உரிமைக் கட்சி. ஒன்றை மட்டும் எதிர்ப்பது வெறும் ஆசனக் கட்சி!

சிங்களத் தீவிரவாதியைப் பாருங்கள். குடும்பத் திட்டம் சிங்கள இனத்தை அழிக்கும் சதி என்று 2012, 2013 ஆம் ஆண்டுகளில் அவர்கள் தெருத்தெருவாகக் கூவினர். 2019 இற் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்று புரளி கிளப்பி அவரைச் சிறைக்கு அனுப்பினர். ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லையெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்துக்கு அறிவித்தது. பெண்ணின் கருப்பையைப் போர்க்களமாக்கும் அந்த அரசியலை நாம் அருவருக்கிறோம். அதே அரசியலைத் தமிழில் மொழிபெயர்த்தால் மட்டும் அது புனிதமாகிவிடுமா?

சமயமும் ஒழுக்கமும்

சமயப் பெரியோருக்கு ஒரு பணிவான விண்ணப்பம். கருக்கலைப்பு பாவமெனக் கொள்ளும் உங்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அப்படியானால், மறுபடி ஒரு கருக்கலைப்பு நேராமற் தடுக்கும் வழியை ஏன் மறிக்கிறீர்கள்? மயிலிட்டி போன்ற கரையோர ஊர்களிற் கத்தோலிக்க மக்கள் பலர். செயற்கைக் கருத்தடையை அவர்தம் திருச்சபை 1968 ஆம் ஆண்டின் சுற்றுமடலில் விலக்கியது. மாதச் சக்கரத்தின் நாட்களைக் கணித்து நடக்கும் இயற்கை முறையை விலக்கவில்லை. அந்த முறையைக் கைக்கொள்ள விரும்பும் பெண்ணுக்கும் கற்பிக்க ஒருவர் வேண்டுமே! கரு கலைந்த உடனே மாதச் சக்கரம் ஒழுங்குக்கு வருவதில்லை, அதுவரை நாள் கணக்கை நம்பக்கூடாது என்று அவளுக்குச் சொல்ல ஒருவர் வேண்டுமே! நல்ல ஆலோசனை அவளுடைய மனச்சாட்சியைக் கேட்டு, அதற்கு இசைந்த வழியைக் காட்டும். குருதி சிந்தியவளை வழியில் விட்டு விலகிப் போவதை எந்தச் சமயமும் போற்றவில்லை.

ஒழுக்கம் கெட்டுவிடும் என்பாருக்கு ஒரே விடை. உங்கள் ஒழுக்கக் கண்காணிப்பு எந்தக் கருக்கலைப்பையும் இதுவரை நிறுத்தவில்லை. அதனை அறையின் பின்கதவுக்கும், தகைமையற்ற கைகளுக்கும், பெயர் தெரியாத மாத்திரைகளுக்கும் தள்ளியதே அது சாதித்தது. அந்தப் பின்கதவிற் காசுள்ளவள் பாதுகாப்பை வாங்குகிறாள். கூலிக்காரி சாவை வாங்குகிறாள்.

“இப்படிப்பட்ட விடயங்களைத் தமிழிற் பேசுவது கூச்சம்” என்பாரும் உளர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழ் மாணவருக்குத் தமிழிலே வைத்தியம் கற்பித்தார். பிள்ளைப்பேற்று வைத்தியமும் தமிழில் நூலாயிற்று. 1898 இல் இணுவிலிற் பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. அந்த மண்ணிற் பிறந்த நாங்கள், இன்று கருத்தடை என்ற சொல்லை உச்சரிக்கக் கூசி, பெண்களைக் குழிக்கு அனுப்பக் கூசாமலிருக்கிறோம்!

கையிலுள்ள அதிகாரம்

அதிகாரப் பகிர்வு கேட்டு முக்கால் நூற்றாண்டு போராடிய இனம் எங்களுடையது. இனியும் போராடுவோம். ஆனால் சுகாதாரம், 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் மாகாணங்களுக்குப் பகிர்ந்த துறைகளுள் ஒன்று. 2013 முதல் 2018 வரை வடக்கில் எங்கள் மக்கள் தெரிந்த மாகாண சபை இருந்தது. தீர்மானங்கள் பல நிறைவேற்றினோம். வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்த பெண்ணுக்காக ஒரு தீர்மானம் நிறைவேற்றினோமா? கட்சிக்காரன் என்ற வகையில் இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. கையிலிருந்த சிறு அதிகாரத்தைப் பயன்படுத்தாதவன் பெரிய அதிகாரம் கேட்டால் மக்கள் சிரிக்கமாட்டார்களா?

தண்டனைச் சட்டக்கோவையின் ஓர் எழுத்தையும் மாற்றாமலே, மாகாண சுகாதாரத் திணைக்களமும் வைத்தியசாலைப் பணிப்பாளர்களும் நாளையே செய்யக்கூடியவை ஐந்து.

முதலாவது, கரு கலைந்து வரும் எந்தப் பெண்ணையும் பொலிஸ் பெயர் சொல்லி அச்சுறுத்தலாகாது என்று எழுத்தில் அறிவுறுத்தல் வேண்டும். சிகிச்சை பெறுவது குற்றமன்று என்ற அறிவித்தல் விடுதி வாயிலிற் தமிழில் தொங்கவேண்டும்.

இரண்டாவது, கருப்பையைச் சுத்தஞ்செய்ய, உலக சுகாதார நிறுவனம் கைவிடச் சொன்ன, கூரிய கருவியாற் சுரண்டும் பழைய முறைக்குப் பதிலாக, உறிஞ்சி எடுக்கும் முறையோ பொருத்தமான மருந்தோ ஆதார வைத்தியசாலைகள்வரை கிடைக்கவேண்டும்.

மூன்றாவது, ஆலோசனை வழங்கப்பட்டதென்று பதியாமல் எவருக்கும் துண்டு வெட்டலாகாது. ஆலோசனை தனியிடத்தில், தமிழில், பயிற்சி பெற்றவரால் நடக்கவேண்டும். மாத்திரையும் ஊசியும் குச்சியும் லூப்பும் ஆணுறையும் அந்த விடுதியிலேயே இருக்கவேண்டும்.

நாலாவது, “எனக்கு வேண்டாம்” என்று சொல்லும் உரிமை முழுமையாகக் காக்கப்படவேண்டும். கருத்தடை ஏற்றாற்றான் சிகிச்சை என்ற நிபந்தனை கூடாது. இத்தனை பேருக்குப் பொருத்து என்று உத்தியோகத்தருக்கு இலக்கம் வைக்கலாகாது. கையிற் குச்சி பொருத்தியவள் எடுத்துவிடு என்று எப்போது கேட்டாலும் எடுத்துவிட வேண்டும்.

ஐந்தாவது, மணமானவளா என்ற கேள்வி இந்தச் சேவையின் வாசலிற் கேட்கப்படலாகாது. அவளுடைய அனுமதியின்றி அவள் செய்தி கணவனுக்கோ மாமிக்கோ ஊருக்கோ போகலாகாது.

இவற்றுள் எதற்குச் சமஷ்டி வரவேண்டும்? எதற்குக் கொழும்பின் தயவு வேண்டும்?

வைத்தியர்களே, ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே, இதனை உங்கள் சங்கங்களிற் பேசுங்கள். கமக்காரச் சகோதரரே, கடற்றொழிலாளச் சகோதரரே, உங்கள் சங்கங்களிலும் பேசுங்கள். பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றிலே பாதி உங்களுடைய பொறுப்பு. ஊசியும் மாத்திரையும் அவளுக்கு, வெட்கமும் பழியும் அவளுக்கு, நமக்கு ஒன்றுமில்லை என்று திண்ணையில் இருப்பது ஆண்மையன்று.

மயிலிட்டிப் பெண்மணி அடுத்த மாதம் உறுதி விடயமாக மறுபடி வந்தார். மச்சாள் பிழைத்துவிட்டார். “இந்தமுறை ஒரு மிஸ்ஸி கட்டிலடியில வந்திருந்து எல்லாம் விளங்கப்படுத்தினவ ஐயா. ஊசி போட்டுத்தான் விட்டவ,” என்றார். அந்த முகந்தெரியாத தாதிக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். ஆனால் அன்று அந்த வேளையில் வேறொருவர் கடமையில் இருந்திருந்தால்? மச்சாளுக்குக் கிடைத்தது ஒருத்தியின் இரக்கம். இரக்கம் கடமை நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடும். உரிமை போகாது, இரவு பகல் எந்நேரமும் கட்டிலருகே நிற்கும். எங்கள் பெண்களுக்கு நாங்கள் கேட்பது அந்த உரிமையை.